பூனை சோபாவைப் பிறாண்டுகிறதா? முதலில் அதற்கு ஒரு கட்டை கொடுங்கள்

பூனை வளர்க்கத் தொடங்கிய சில மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். சோபாவின் கைப்பிடி நூல் நூலாகத் தொங்குகிறது, பிரம்பு நாற்காலியின் கால் பிசிறடித்துக் கிடக்கிறது, இதை எப்படி நிறுத்துவது?

பிறாண்டுவதை நிறுத்த முடியாது. பிறாண்டும் இடத்தை மாற்ற முடியும். இதற்கு இரண்டு வேலைகள் உண்டு: பூனைக்கு சோபாவைவிடப் பிடித்த ஒன்றைக் கொடுப்பது, சோபாவைப் பூனைக்குப் பிடிக்காததாக ஆக்குவது. இந்த வரிசை மாறக்கூடாது. நம்மில் பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். முதல் வேலையாக சோபாவை மூடுகிறோம், பூனை நாற்காலிக்குப் போகிறது. நாற்காலியை மூடினால் மெத்தையின் ஓரம். மெத்தையையும் மூடினால் கதவு நிலை. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் அதை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

ஏன் பிறாண்டுகிறது

பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்வது. வெளி அடுக்கு மழுங்கியதும் அதைக் கழற்றிப்போட, நல்ல பிடிமானமுள்ள ஒன்றில் நகத்தை மாட்டி இழுத்தாக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பெருக்கும்போது பிறை வடிவில், வெங்காயச் சருகு மாதிரி மெலிதாக ஏதாவது அகப்பட்டால் பதறாதீர்கள். நகம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடவில்லை. மேலுறை மட்டும் கழன்றிருக்கிறது, உள்ளே புது நகம் கூராக இருக்கும். பின்னங்கால் நகங்களைப் பூனை பெரும்பாலும் பல்லாலேயே கடித்துச் சரிசெய்துகொள்ளும். சோபா சேதமாவது முன்னங்கால் வேலையால்தான்.

இன்னொரு காரணம் வாசனை. முன்பாதத்தின் அடியில், விரல் மெத்தைகளுக்கு இடையே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறாண்டும்போது கீறலும் விழுகிறது, வாசனையும் ஒட்டுகிறது. நம் மூக்குக்கு அது எட்டாது. இன்னொரு பூனைக்கு எட்டும். ‘இது என் இடம்’ என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். யாருக்கும் தெரியாத மூலையில் எழுதி ஒட்டி என்ன பயன்? அதனால்தான் பரணிலும் ஸ்டோர் ரூமிலும் பழைய சாமான்கள் எவ்வளவு கிடந்தாலும், கூடத்தின் நடுவில், வாசலுக்கு நேரே இருக்கும் சோபாவையே அது தேடிப் போகிறது.

தூங்கி எழுந்ததும் முதுகை வளைத்து, கையை நீட்டிச் சோம்பல் முறிக்கவும் அதற்குப் பிடிமானம் வேண்டும். நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் சோபாவைப் பிறாண்டினால் அது உற்சாகம். ‘நான் திட்டினேன், அதற்குப் பழிவாங்குகிறது’ என்று சிலர் சொல்வார்கள். பூனைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

சில நாள் சும்மா பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் சில நாள் கவனித்துப் பார்ப்பது நல்லது. இதைச் செய்யாமல் இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்துக் கட்டை வாங்கி, அதைப் பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

முதலில் பார்க்க வேண்டியது திசை. பின்னங்காலில் நின்று, உடம்பை மேலே நீட்டி, சோபாவின் கைப்பிடியையோ கதவு நிலையையோ பிறாண்டினால் உங்கள் பூனைக்கு நட்டுக்குத்தாக நிற்கும் கட்டை வேண்டும். கோரைப்பாய், வாசல் மிதியடி, தரைவிரிப்பு என்று கீழே கிடப்பதையே பிறாண்டினால் படுக்கைவாட்டில் ஒரு பலகை போதும். மெத்தையின் ஓரத்தை ஒருக்களித்துப் பிறாண்டும் பூனைகளுக்குச் சாய்வாக வைத்த பலகை பிடிக்கும். சில பூனைகள் எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும். அவற்றுக்கு இரண்டு விதமாகவும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பொருள் என்று பாருங்கள். சொரசொரப்பான, இழை தடித்த சோபாத் துணி, சணல், பிரம்பு, கயிற்றுக் கட்டில் இவையெல்லாம் நகம் நன்றாக மாட்டும் பொருட்கள். ரெக்சினில் நகம் சுலபமாக இறங்கும், ஒருமுறை கிழிந்துவிட்டால் அந்தக் கிழிசலின் ஓரமே பூனையைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். வெல்வெட் மாதிரி நெருக்கமாக நெய்த வழுவழுப்பான துணியில் நகம் மாட்டாது. புது சோபா வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தேக்கு, ரோஸ்வுட் போன்ற பாலிஷ் போட்ட கடினமரச் சாமான்களைப் பெரும்பாலான பூனைகள் விட்டுவிடும்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். தூங்கி எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், நீங்கள் வந்ததும் என்றால் சாதாரணம். ஜன்னல் ஓரத்தையும் பால்கனிக் கதவையும் மட்டும் பிறாண்டுகிறது, அதுவும் விடியற்காலையில் என்றால் வெளியே தெருப்பூனை ஏதாவது வந்துபோகிறதா என்று எட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பூனை தன் எல்லைக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியைத் திரைச்சீலையாலோ காகிதத்தாலோ மறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கட்டை எப்படி இருக்க வேண்டும்

பெட் ஷாப்பில் ‘ஸ்கிராட்சிங் போஸ்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றரை அடி உயரம், மேலே பொம்மை எலி ஒன்று ஸ்பிரிங்கில் ஆடும், அடிப்பலகை உள்ளங்கை அகலம். குட்டிப் பூனைக்குச் சரி. வளர்ந்த பூனைக்கு அது உதவாது. வளர்ந்த பூனை முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்ட வேண்டுமானால் கட்டை மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சோபாவில் எந்த உயரம்வரை கீறல் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கட்டை அதைவிட உயரமாக இருக்கட்டும்.

உயரத்தைவிட முக்கியம், ஆடக்கூடாது. பூனை எடையைப் போட்டு இழுக்கும்போது கட்டை ஒருமுறை சாய்ந்துவிட்டால் போதும், மறுபடி அதன் பக்கமே வராத பூனைகள் உண்டு. சோபா ஆடாது, அசையாது. அதோடு போட்டிபோடும் சாமான் இன்னும் உறுதியாக இருக்க வேண்டாமா? கடையில் வாங்கும்போது கட்டையின் உச்சியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் வாங்காதீர்கள்.

மேலே சுற்றியிருப்பது கயிறாக இருந்தால் நல்லது. பஞ்சுபஞ்சாகத் துணி ஒட்டிய கட்டைகள் பார்க்க அழகாக இருக்கும். பூனை அதில் படுத்துத் தூங்கும், பிறாண்ட சோபாவுக்குப் போகும்.

வீட்டிலேயே செய்வது

கடைச்சரக்கைவிட இது மலிவு, உறுதியும் கூட. கட்டட வேலைக்குச் சாரம் கட்டவும் பந்தல் போடவும் வைத்திருக்கும் சவுக்குக் கட்டையில் மூன்று அங்குலக் கனமுள்ளதாக ஒன்றை எடுத்து மூன்றடிக்கு வெட்டி வாங்குங்கள். இரண்டு முனையும் நேராக அறுபட்டிருக்க வேண்டும். அடிமுனை கோணலாக இருந்தால் என்ன செய்தாலும் கட்டை ஆடும். மரக்கடையில் அறுத்துத் தரச் சொன்னால் ஒரு நிமிட வேலை. பட்டையைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள். பனங்கட்டை வேண்டாம். அதன் சிராய் ஊசியாக நிற்கும், பூனையின் பாதத்திலும் ஏறும், உங்கள் கையிலும் ஏறும்.

அடிப்பலகைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட். பலகையின் அடியிலிருந்து கட்டைக்குள் மூன்று ஸ்க்ரூ முக்கோணமாக ஏற்றுங்கள். ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டால் கட்டை நாளடைவில் சுழல ஆரம்பிக்கும். பக்கவாட்டில் இரண்டு எல் கிளாம்ப் போட்டால் இன்னும் நல்லது. ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் முழுசாக இறங்க வேண்டும், இல்லையென்றால் தரை டைல்ஸ் கீறிப்போகும்.

அப்புறம் கயிறு. சைசல் என்று விற்கும் கற்றாழை நார்க் கயிறுதான் முதல் தரம். ஆன்லைனில் கிடைக்கும். சணல் கயிறு அடுத்தது. தேங்காய்நார்க் கயிறும் பூனைகளுக்குப் பிடிக்கிறது, ஆனால் தினமும் நார் உதிரும், பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், வழுக்கும். மூன்று அங்குலக் கட்டைக்கு 8 மில்லிமீட்டர் கயிறு சுமார் 30 மீட்டர் ஆகும். கட்டைக்குப் பதிலாக நாலு அங்குல பிவிசி குழாய் எடுத்தால் 42 மீட்டர் வரை இழுக்கும். ‘பத்து மீட்டர் போதும்’ என்று வாங்கிவந்து பாதியில் நிற்பவர்கள் உண்டு. எண்ணெய் வாடையோ கெமிக்கல் வாடையோ அடிக்கும் கயிறாக இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூனைக்கு நம்மைவிட மூக்கு கூர்மை.

சுற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. கீழிருந்து தொடங்குங்கள். கட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் ஃபெவிகால் தடவி, அதன்மேல் கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஐந்தாறு சுற்று ஆனதும் மேலிருந்து சுத்தியலால் தட்டி நெருக்குங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கட்டை தெரியக்கூடாது. அப்புறம் அடுத்த சாண். ஆரம்ப முனையையும் கடைசி முனையையும் மட்டும் சின்ன ஆணியால் அடித்து, ஆணித்தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கிவிடுங்கள். நடுவில் எங்கும் ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ வேண்டாம், கயிறு தேய்ந்ததும் அது வெளியே வந்து நகத்தில் மாட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு இரண்டு குறுக்குவழி. கெட்டியான தேங்காய்நார் மிதியடி ஒன்றைப் பலகையில் ஆணியடித்துச் சுவரில் சாய்த்து, வழுக்காதபடி அண்டைக்கொடுத்து வைக்கலாம். அல்லது மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி, இரண்டு அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, நெளிவுகள் மேலே பார்த்தபடி ஒரு தட்டில் நெருக்கமாக அடுக்கிவிட்டால் படுக்கைவாட்டுப் பலகை தயார். தினமும் அட்டைத் தூள் பறக்கும், அவ்வளவுதான். செலவில்லாமல் உங்கள் பூனைக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

எங்கே வைப்பது

பால்கனியில் வைக்காதீர்கள். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். கட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பான இடத்தில் இருந்தால் வீண்தான். பிறாண்டும் சோபாவை ஒட்டியே, அது எந்த மூலையைப் பிறாண்டுகிறதோ அந்த மூலைக்கு முன்னால் நிறுத்துங்கள். கூடத்தின் அழகு கெடும்தான். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று செய்ய முடிந்தால் அது தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில், எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.

பூனை சில வாரம் தொடர்ந்து கட்டையைப் பயன்படுத்திய பிறகு, உங்களுக்கு வசதியான இடத்துக்கு நகர்த்தலாம். ஒரே நாளில் அல்ல. நாளைக்கு மூன்று நான்கு அங்குலம். நகர்த்தும்போது பூனை மறுபடி சோபாவுக்குப் போனால், அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் கொண்டுவாருங்கள். அறையை விட்டே வெளியேற்றும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பூனை பிறாண்டுவது நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான்.

ஒன்றுக்கு மேல் பூனை இருந்தால் கட்டையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரே கட்டையை ஒரு பூனை பட்டா போட்டுக்கொண்டு மற்றதை அண்டவிடாது.

பழக்குவது

இங்கே புதியவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு போய், அதன் முன்கால் இரண்டையும் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டுவது. பூனைக்குக் காலைப் பிடிப்பதே பிடிக்காது. பிடிக்காத காரியம் நடந்த இடமாகத்தான் அந்தக் கட்டை அதன் நினைவில் நிற்கும்.

ஒரு நாடாவையோ இறகு கட்டிய குச்சியையோ எடுத்துக் கட்டைமேல் ஓட்டுங்கள். பூனை பாய்ந்து பிடிக்கும், நகம் கயிற்றில் மாட்டும், கயிறு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கும். விளையாட்டு முடிந்ததும் நாடாவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நாடா, நூல், ரப்பர் பேண்ட் எதையும் பூனை விழுங்கினால் குடலில் சிக்கும். அது தானாகக் கட்டையைப் பிறாண்டும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணமே, ஏதாவது தின்னக் கொடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டோ மீன் துண்டோ நகக்கண் அளவு போதும். குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்; வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். கருவாட்டில் உப்பு அதிகம்.

தூங்கி எழும் நேரம் பார்த்துக் கட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்களே விரல் நகத்தால் கயிற்றைச் சரக் சரக் என்று கீறிக் காட்டலாம். வீட்டிலிருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை. அந்தச் சத்தம் பல பூனைகளை இழுக்கும்.

வாசனை காட்டி இழுக்கவும் வழியிருக்கிறது. கடையில் கேட்நிப் என்ற காய்ந்த இலை கிடைக்கும், கட்டையில் கொஞ்சம் தேய்த்தால் சில பூனைகள் புரண்டு புரண்டு விளையாடும். எல்லாப் பூனையும் மயங்காது, அது பிறவிக் குணம். சின்னக் குட்டிகளும் மயங்காது. நம் ஊரில் இந்த வேலையைக் குப்பைமேனி வேர் செய்யும். வீட்டோரத்திலும் காலிமனையிலும் தானாக முளைக்கும் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. மழை பெய்த மறுநாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேரை நசுக்கிக் கட்டையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த பிறகு வேரைத் தூரப் போட்டுவிடுங்கள், பூனையைத் தின்ன விட வேண்டாம்.

இப்போது சோபா

கட்டையைப் பூனை பயன்படுத்தத் தொடங்கியதும் சோபாவைக் கவனியுங்கள். முதலில் கீறிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பழைய வாசனையை எடுங்கள். தொங்கும் நூல்களைக் கத்தரித்து விடுங்கள். அதன்மேல் நகம் மாட்டாத ஏதாவது ஒன்றை இறுக்கமாகப் போட வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு விரிக்க மீட்டர் கணக்கில் விற்கும் தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பு இதற்கு ரொம்பப் பொருத்தம். மூலைக்கு மட்டும் வெட்டி ஒட்டினால் தூரத்திலிருந்து தெரியவும் தெரியாது. பழைய பெட்ஷீட்டைப் போர்த்துவதென்றால் ஓரங்களை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள். தொளதொளவென்று தொங்கும் துணி பூனைக்கு விளையாட்டு.

இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பும் நன்றாக வேலை செய்யும். பாதத்தில் பிசுபிசுப்பு ஒட்டுவது பூனைக்கு ஆகாது. ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வைகாசிச் சூட்டில் பசை இளகி ரெக்சினிலும் பாலிஷ் மரத்திலும் கறையாக இறங்கும், உரித்தால் பாலிஷும் சேர்ந்து வரலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். ரெக்சினில் படிந்த பசையைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். துணி சோபாவில் எண்ணெய் வைக்காதீர்கள், அது வேறு கறை.

கொசுவலை அடித்த ஜன்னல் தனிக் கதை. நைலான் வலையில் பூனை ஏறினால் ஒரு மாதத்தில் அது சல்லடை. வலையைப் பிடித்துத் தொங்கும் பூனை மாடியிலிருந்து விழும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்டீல் வலைக்கு மாற்றிவிடுவதுதான் ஒரே வழி, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இந்தத் தடைகளை அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். பூனை கட்டைக்கே போவது பழக்கமான பிறகு, ஒவ்வொரு மூலையாக எடுங்கள்.

நகம் வெட்டுவது

நகம் வெட்டினால் பிறாண்டுவது நிற்காது. சேதம் குறையும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்கால் நகங்களின் நுனியை எடுத்தால் போதும். வெளியே போய்வரும் பூனைக்கு வெட்டாமல் விடுவதே நல்லது. நாய் துரத்தினால் அது மரம் ஏற வேண்டும்.

முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகம். ஐந்தாவது கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் இருக்கும். அது தரையில் உரசாது, எனவே தேயாது. வயதான பூனைகளில் அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். வெட்டும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

முதல் வாரம் கத்தரியே வேண்டாம். பூனை அரைத்தூக்கத்தில் மடியில் கிடக்கும்போது பாதத்தைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். அப்புறம் ஒரு விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பாருங்கள்: நகத்தின் அடிப்பாகத்தில் இளஞ்சிவப்பாக ஒரு முக்கோணம் தெரியும். அது ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கும் இடம். அதற்கு வெகு முன்னாலேயே, வளைந்து கூராக நிற்கும் வெள்ளை நுனியை மட்டும், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். கறுப்பு நகமாக இருந்தால் சிவப்பு தெரியாது, கொக்கி போல் வளைந்த நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூனைக்கென்று விற்கும் நகவெட்டி நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நாம் பயன்படுத்தும் நகவெட்டியும் உதவும், ஆனால் மழுங்கியிருந்தால் நகத்தைப் பிளந்துவிடும்.

ஒரே மூச்சில் பத்து நகத்தையும் முடிக்க வேண்டுமென்று யார் சொன்னது? இன்று இரண்டு, நாளை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி. பூனை காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவைப் பஞ்சில் தொட்டுச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நகத்தின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தொப்பிகளும் விற்கிறார்கள். நகம் வளர வளர, நாலு முதல் ஆறு வாரத்தில் அவை கழன்றுவிடும்; மறுபடி ஒட்ட வேண்டும். சாந்தமான பூனைக்குச் சரிப்படும். காலைத் தொடவே விடாத பூனைக்குத் தொப்பி மாட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

வெட்டும்போது உங்களைக் கீறிவிட்டால், ரத்தம் கசிந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றே மருத்துவரைக் கேளுங்கள். பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வைத்திருப்பது இதற்கும்தான்.

இதெல்லாம் வேண்டாம்

அடிப்பது, கத்துவது, முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் பலிக்காது. பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது பிறாண்டக்கூடாது. நீங்கள் தூங்கியதும் வேலை தொடங்கும். பயந்த பூனை இன்னும் அதிகமாகப் பிறாண்டவும் செய்யும். கையும் களவுமாகப் பிடித்தால் ஒரு கைதட்டு, கவனம் கலைந்ததும் நாடாவால் கட்டைப் பக்கம் இழுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சோபாவில் மிளகாய்த்தூள் தூவச் சொல்லும் பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்காதீர்கள். பாதத்தில் ஒட்டிய தூள் முகம் கழுவும்போது கண்ணுக்குப் போகும். அந்துருண்டை, கற்பூரம், நீலகிரித் தைலம், எலுமிச்சை எண்ணெய், ஃபினாயில் இவை எல்லாமே பூனைக்கு ஆபத்து. இவற்றில் உள்ள பல பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே உள்ளே இறக்கிக்கொள்ளும். தரை துடைப்பதற்கும் ஃபினாயிலைத் தவிர்த்துவிடுங்கள். ஆரஞ்சுத் தோல் வைத்தால் சில பூனைகள் ஒதுங்கும், காய்ந்ததும் திரும்பி வரும்.

நகத்தையே எடுத்துவிடும் ஆபரேஷன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் எடுப்பது நகத்தை மட்டும் அல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும்தான். அதன்பிறகு நடக்க வலிக்கும் பூனை மணல் தட்டைத் தவிர்க்கும், நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்கும். ஐரோப்பிய நாடுகளின் செல்லப்பிராணிப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1987-லேயே இதற்கு எதிராக நின்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-இல் தடைசெய்தது. யாராவது செய்து தருவதாகச் சொன்னாலும் போகாதீர்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லையா

இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று வீடு முழுக்கப் பிறாண்டத் தொடங்கினால், வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். புதுப் பூனை, புதுக் குழந்தை, வீடு மாற்றம், வெள்ளையடிப்பு, பொங்கலுக்கு வந்து ஒரு வாரம் தங்கிய உறவுக்கூட்டம், எதுவாகவும் இருக்கலாம். அதன் வாசனை கலந்த இடமெல்லாம் அழிந்துபோனதால் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. கட்டையை இன்னொன்று கூட்டி, விளையாட்டு நேரத்தையும் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். கருத்தடை செய்யாத பூனையாக இருந்தால் செய்துவிடுங்கள். பிறாண்டுவது அதனால் நின்றுவிடாது, ஆனால் எல்லை குறிக்கும் பதற்றமும் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும். மாற்றம் எதுவும் இல்லாமல், சாப்பாடும் குறைந்து, நடையும் மாறியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் பூனைக்கும் கை அரிக்கும். காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலும் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிடிக்கவிட்டு, அதன்பிறகு சாப்பாடு வைத்தால் அது நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கிவிடும்.

கட்டை பிய்ந்து, கயிறு நார்நாராகத் தொங்கினால் அசிங்கமாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நமக்கு அசிங்கம், பூனைக்கு அது தன் வாசனை ஊறிய, நகம் நன்றாக இறங்கும் சாமான். அடியோடு மாற்றிப் புதுசு வைத்தால் சோபா பக்கம் திரும்ப வாய்ப்பிருக்கிறது. கட்டை தெரியுமளவு தேய்ந்த பகுதிக் கயிற்றை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புதுக் கயிறு சுற்றுங்கள். மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.